கேரிபு மானுக்குக் குளிர்காலமும் உண்டு

காட்டு விலங்குகளின் நடமாட்டத்தை வரைபடமாக்குவது என் வேலை. கனடாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் யூகான் பக்கம் போன புதிதில், நான் தயாரித்த ஒரு வரைபடத்தைக் குவிச்சின் என்ற பழங்குடி மக்களின் ஊரில் மேசைமேல் விரித்தேன். கனடா எல்லை வரைக்கும் பச்சையும் பழுப்புமாக நிறம் இருந்தது. அலாஸ்கா தொடங்கும் இடத்திலிருந்து வெறும் வெள்ளை. இரண்டு நாடுகளும் தாவரங்களை வேறு வேறு விதமாக வகை பிரித்திருந்ததால், ஒட்டவைக்கும் வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அந்த வெள்ளையில் விரலை வைத்த ஒரு பாட்டி, தன் அத்தை வீடு இங்கேதான் இருக்கிறது என்றார். அன்றைக்கு எனக்கு முகம் சுண்டிவிட்டது.

அந்த எல்லை 141ஆவது தீர்க்கரேகை. 1825இல் ரஷ்யாவும் பிரிட்டனும் ஒப்பந்தம் போட்டு இழுத்த நேர்கோடு. குவிச்சின் மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இரண்டு பக்கமும் வாழ்கிறார்கள். ஆர்க்டிக் வில்லேஜ் அலாஸ்காவில், ஓல்ட் குரோ கனடாவில். அவர்கள் நம்பி வாழும் போர்க்குப்பைன் என்ற கேரிபுக் கூட்டமும் அப்படித்தான்; கேரிபு என்பது வட அமெரிக்காவின் பனிமான். 2017 கணக்கெடுப்பில் சுமார் 2.18 லட்சம் மான்கள். கோடையில் அலாஸ்காவின் வடகடல் ஓரச் சமவெளிக்குப் போய்க் குட்டி போடும். பனி விழத் தொடங்கியதும் தெற்கே திரும்பி, பெரும்பகுதி யூகானின் ஊசியிலைக் காட்டுக்குள் ஒதுங்கும்.

குட்டி போடும் சமவெளியைப் பற்றி உலகமே பேசுகிறது. அங்கே எண்ணெய் இருக்கிறது; 2017இல் அமெரிக்கச் சட்டம் அதைக் குத்தகைக்குத் திறந்துவிட்டது. அங்கே எண்ணெய் எடுப்பதை எதிர்த்துக் குவிச்சின் மக்கள் 1988 முதலே ஒன்றுகூடிப் போராடுகிறார்கள். உயிர் தொடங்கும் புனித இடம் என்றே அதைச் சொல்கிறார்கள். அந்தப் போராட்டத்தில் நான் அவர்கள் பக்கம். ஆனால் என் வேலையில் நான் பார்ப்பது இன்னொரு பாதி: குளிர்காலக் காடு. அதைப் பற்றிப் பேச்சே காணோம்.

அந்தக் காட்டின் தரையில் மண்டியிட்டுப் பாருங்கள். குட்டையான ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களுக்கடியில் வெளிர் சாம்பல் நிறத்தில் லைக்கன் படர்ந்திருக்கும்; பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து வாழும் உயிர் அது. வெயிலில் காய்ந்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும், மழை பெய்தால் பஞ்சு மாதிரி அமுங்கும். வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். கேரிபு குளிர்காலம் முழுக்கப் பெரும்பாலும் இதைத் தின்றுதான் உயிர் பிழைக்கிறது. பனிக்கு மேலே மூக்கை வைத்தே கீழே லைக்கன் இருப்பதைக் கண்டுபிடித்து, முன்னங்காலால் தோண்டும். கேரிபு என்ற பெயரே, பனியைத் தோண்டுவது என்ற பொருளுள்ள, கிழக்குக் கனடாவின் மிக்மாக் பழங்குடி மொழிச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

காட்டுத்தீ பட்டால் இந்த லைக்கன் போய்விடும். இங்கேதான் எங்களைப் போன்ற வரைபடக்காரர்கள் தப்பு செய்கிறோம். பத்து வருடம் கழித்துச் செயற்கைக்கோள் படத்தில் அந்த இடம் பச்சையாகத் தெரியும். புதரும் பிர்ச் கன்றும் வந்திருக்கும். சரி, காடு மீண்டுவிட்டது என்று குறித்துவிடுவோம். மானுக்கு அங்கே ஒன்றும் இருக்காது. லைக்கன் பழையபடி படர 50 ஆண்டுக்கு மேல் ஆகும். குளிர்காலம் முழுக்கக் காட்டில் பொறி வைத்துத் திரிகிறவர்களுக்கு இது தெரியும். எந்தத் தீ எந்த வருடம், அதற்கப்புறம் மான் தடம் எந்தப் பக்கம் திரும்பியது என்று அவர்கள் சொன்னதை வைத்துத்தான் நான் என் படத்தைத் திருத்தினேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. இந்தக் கூட்டத்தைக் காக்க 1987இலேயே அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் செய்துகொண்டன. கனடாப் பக்கம் 1985இல் தொடங்கிய மேலாண்மை வாரியத்தில் பழங்குடிப் பிரதிநிதிகள் அரசுகளோடு உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள். மான் குறையக் குறைய வேட்டையை எப்படிக் குறைப்பது என்று பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனப் படிநிலை வைத்து ஒரு திட்டமும் உண்டு. பழங்குடி மக்களுக்கு இதுதான் சாப்பாடு; அதில் கைவைக்கத் தாங்களே ஒத்துக்கொண்டார்கள் என்பது லேசான விஷயமில்லை.

காட்டுக்கான பெரிய வெற்றி யூகானில் இருக்கும் பீல் ஆற்றுப் படுகை. ஏறத்தாழ 67,000 சதுர கிலோமீட்டர். கூட்டத்தின் குளிர்கால இடங்களில் ஒன்று. பெரும்பகுதியைக் காக்கச் சொன்ன திட்டத்தை யூகான் அரசு கடைசி நேரத்தில் மாற்றப் பார்த்தது. பழங்குடி அரசுகள் கனடா உச்ச நீதிமன்றம் வரை போய் 2017இல் வென்றன. 2019இல் கையெழுத்தான திட்டத்தில் 83 சதவீத நிலம் சுரங்கத்திலிருந்து தப்பியது. அதில் ஒரு பகுதி இடைக்காலப் பாதுகாப்புதான், மறுபடி பரிசீலிக்கலாம்.

கனடாவில் இருக்கும் தமிழர்களிடம் ஒன்று கேட்கிறேன். 2023 ஜூனில் டொராண்டோ வரைக்கும் வந்த புகையை நீங்கள் சுவாசித்தீர்கள். அதே வடக்குக் காடுகளில் இன்னொரு இடத்தில் எரிந்த தீ அது. நிலத் திட்டங்களுக்குப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும்போது குடிமக்களாக உங்களுக்கும் எழுத உரிமை உண்டு. எழுதும்போது குட்டி போடும் சமவெளியோடு நிறுத்தாமல் குளிர்காலக் காட்டையும் சேர்த்து எழுதுங்கள்.

நான் இப்போது தயாரிக்கும் வரைபடங்களில் அலாஸ்காப் பக்கத்தை வெள்ளையாக விடுவதில்லை. இரண்டு நாட்டு வகைப்பாட்டையும் ஒட்டவைக்கக் கூடுதலாகச் சில வாரம் ஆகிறது. அச்சடித்ததும் முதல் பிரதி அந்தப் பாட்டியின் ஊருக்குப் போகும்.