சொல் விளக்கம்: ஒரோஜெனி – மலையாக்கம்

நம் பிள்ளைகள் புவியியலை ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். "ஒரோஜெனின்னா தமிழ்ல என்னப்பா?" என்று கேட்டால் "மலை உருவாவது" என்போம். பாதிதான் சரி.

வேர் கிரேக்கம்: ஓரோஸ் என்றால் மலை, கெனெசிஸ் என்றால் பிறப்பு. மலைத்தடுப்பு மழையைக் குறிக்கும் 'ஓரோகிராபிக்' என்ற சொல்லிலும் இதே ஓரோஸ்தான். அமெரிக்கப் புவியியலாளர் குரோவ் கார்ல் கில்பர்ட் 1890இல் இதற்கு எல்லை வகுத்தார். மலைமுகடுகளை எழுப்பும் அசைவு ஒரோஜெனி. கண்டம், மேட்டுநிலம் என்று பரந்த பரப்பே உயர்வதும் தாழ்வதும் எபைரோஜெனி. முன்னதை மலையாக்கம் என்றும் பின்னதைக் கண்டவாக்கம் என்றும் சொல்லலாம்.

'மலைத்தோற்றம்' என்றும் எழுதுகிறார்கள். மலை கண்ணுக்குத் தெரியும் காட்சி என்றும் அதைப் படிக்க இடமுண்டு. 'மலைப்பிறப்பு' ஒரு நாளில் முடிந்த காரியம்போல் ஒலிக்கிறது. ஆக்கம் என்பதில்தான் தொழில் நடந்துகொண்டே இருக்கும் பொருள் நிற்கிறது. இந்தியாவைச் சுமந்து நகரும் பாறைப்பாளமான இந்தியத் தட்டு ஆசியாவை முட்டி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. முட்டல் இன்னும் ஓயவில்லை. வழக்கமாக 35 கிலோமீட்டர் அளவில் இருக்கும் கண்ட ஓடு, அதாவது கண்டங்களின் வெளிப்பாறை அடுக்கு, திபெத்துக்கு அடியில் 70 கிலோமீட்டர் வரை தடித்திருக்கிறது. மலை மேலே வளர்வதைவிடக் கீழே வளர்வது அதிகம்.

அந்த அடிவேர்தான் மலையைத் தாங்குகிறது, தெப்பத்தின் அமிழ்ந்த பகுதி மேற்பகுதியைத் தாங்குவதுபோல. தெப்பத்தில் இருந்து சுமையை இறக்கினால் அது எழும்புமல்லவா? ஓட்டுப்பாறையின் அடர்த்தி நீரைப்போல் 2.7 மடங்கு, கீழுள்ள மூடகத்தின் அடர்த்தி 3.3 மடங்கு என்று கொண்டால், மழையும் ஆறும் 1000 மீட்டர் பாறையை அரித்துப்போன பின் அடித்தளம் சுமார் 820 மீட்டர் மெல்ல எழும்பிவிடும். நிலமட்டம் இறங்குவது 180 மீட்டர் மட்டுமே. மலை கரைய இத்தனை கோடி ஆண்டுகள் பிடிப்பதும், பல கிலோமீட்டர் ஆழத்தில் இறுகிய கருங்கல் வெளிச்சத்துக்கு வருவதும் இந்தக் கணக்கால்தான்.

அப்படி வந்த கல் நம் சிங்கப்பூரிலேயே இருக்கிறது. பழைய தெத்திஸ் கடலின் தரை அமிழ்ந்து மூடிய காலத்தில், 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, நிலத்தடியில் உறைந்த கற்குழம்புதான் புக்கிட் தீமா குன்றின் கருங்கல். ஹிண்ட்ஹீட் கற்சுரங்கக் குட்டையின் எதிர்ச்சுவரும் அதே பாறைதான். உடைந்த கல்லொன்றை உற்றுப் பாருங்கள்: கண்ணாடி போன்ற குவார்ட்ஸ், வெளிறிய ஃபெல்ஸ்பார், கரும்புள்ளியாக மைக்கா, எல்லாம் வெறுங்கண்ணுக்கே தெரியும் மணிகள். மெதுவாக ஆறினால்தான் மணி பெரிதாகும். மெதுவாக ஆற ஆழம் வேண்டும்.

இந்த ஈரத்திலும் வெக்கையிலும் ஃபெல்ஸ்பார் களிமண்ணாகிவிடும், இரும்பு துருவேறிச் செம்மை பூசும், குவார்ட்ஸ் அப்படியே நிற்கும். பாதையோரச் செம்மண்ணை விரலிடையில் தேய்த்தால் வழுவழுப்புக்கு நடுவே நறநறவென்று படுவது அதுதான். இது வானிலைச் சிதைவு. சிதைந்ததை நீர் தூக்கிச் சென்றால்தான் அரிப்பு. இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது பரவலான பிழை. சிதைவு சீராக நடப்பதில்லை, மண்ணுக்குள் உருண்டைப் பாறைகள் மிஞ்சும். சுரங்க ரயில் பாதை குடைவோருக்கு அதுவே தலைவலி. இயந்திர முகப்பின் கீழ்ப்பாதி கல்லில் திணற, மேல்பாதியில் மண் தேவைக்கு மேல் சரிந்து வந்து, மேலே தரை தாழ்ந்துவிடும்.

ஆகவே 164 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமாவை "மலையாக்கத்தால் உயர்ந்த குன்று" என்று எழுதுவது தவறு. அதன் பாறை மலையாக்கக் காலத்தது. இன்றைய வடிவமோ, சுற்றியிருந்தது அரிக்கப்பட்டபின் எஞ்சியது. நீலகிரியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்: பாறை மிகப் பழைய மலையாக்கத்தின் எச்சம், ஆனால் உதகையின் குளிருக்குக் காரணமான அந்த உயரம் இமயம்போல் மடிந்து எழுந்ததன்று.