பழைய பென்ஸ் வாங்கும் தம்பிகளே, ஸ்பானருக்கு முன்னால் டார்ச்சை எடுங்கள்

சேலத்தில் டீசல் வண்டிப் பட்டறை நடத்துகிறேன். டெம்போ டிராவலரும் ஏற்காடு எஸ்டேட் ஜீப்புகளும்தான் அன்றாட வேலை. ஆனால் கொஞ்ச காலமாக இருபது, இருபத்தைந்து வயதுப் பையன்கள் பழைய பென்ஸ், வால்வோ, கான்டெஸா என்று கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வருகிறார்கள். ஆர்வம் உண்மையானதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வண்டி என்ன கோலத்தில் வருகிறது என்பதுதான் என் கவலை. சீட் ஒரு சாக்கில் இருக்கும், வயரிங் ஒரு அட்டைப்பெட்டியில். போல்ட், நட்டு, கிளிப் எல்லாம் ஒரே பெயிண்ட் டப்பாவில் கலந்து கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ பார்த்துக்கொண்டே கழற்றியிருப்பார்கள். எது எங்கே இருந்தது என்று கழற்றியவருக்கே தெரியாது. அப்படி வந்த வண்டிகளில் பல, கடைசியில் பழைய இரும்புக் கடைக்குத்தான் போயிருக்கின்றன.

பழைய சொகுசுக் காரைப் புதுப்பிக்க நினைப்பவர் முதலில் அதைப் படிக்க வேண்டும். கழற்றுவது அப்புறம். இதை எத்தனை பேரிடம் சொல்லியும் நம்புவதில்லை, அதனால் ஒரு வண்டியை வைத்தே சொல்கிறேன்.

சேர்வராயன் மலையில் ஒரு காபி எஸ்டேட் ஷெட்டில் நின்றிருந்த மெர்சிடிஸ் பென்ஸ் 240டி அது. டபிள்யூ 123 என்று சொல்வார்களே, அந்த ரகம். 1976-ல் வெளிவந்து 1986 வரை கிட்டத்தட்ட 27 லட்சம் வண்டிகள் தயாரான மாடல். இன்ஜினியரிங் முடித்த ஒரு தம்பி வாங்கப் பார்த்தார். என்னிடம் வரும்போதே பெயிண்டிங், டிங்கரிங், சீட், ஆடியோ எல்லாவற்றுக்கும் எஸ்டிமேட் போட்டு வைத்திருந்தார். "அண்ணா, ஃபுல் ரெஸ்டரேஷன்" என்றார். ஆர்.சி. யார் பேரில் இருக்கிறது என்று கேட்டேன். தெரியவில்லை. என்ஜின் நம்பர் பார்த்தாயா தம்பி என்றேன். அதையும் பார்க்கவில்லை. ஒரு டார்ச், ஒரு பென்சில், கொஞ்சம் வெள்ளைத்தாள் எடுத்துக்கொண்டு மறுபடியும் மேலே போய்விட்டு வரச் சொன்னேன்.

இந்த பென்ஸ்கள் தங்கள் கதையைத் தங்கள் மேலேயே எழுதி வைத்திருக்கும். 240டி செடான் என்றால் சேஸிஸ் நம்பரில் 123.123 என்று இருக்கும். அதற்கு அடுத்த எண் 1 என்றால் இடது பக்க ஸ்டியரிங்கோடு தயாரான வண்டி, 2 என்றால் வலது பக்கம். நம்பரில் 1 இருந்து ஸ்டியரிங் வலது பக்கம் இருந்தால், நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். தூதரகங்கள் வழியாக நாட்டுக்குள் வந்த வண்டிகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மாற்றியவர் ஸ்டியரிங் பாக்ஸையும் லிங்க் ராடுகளையும் எப்படிப் பொருத்தினார் என்பது உங்கள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ரேடியேட்டருக்கு மேலே குறுக்கே போகும் தகட்டில் பெயிண்ட் நம்பர் இருக்கும். 737 என்றால் வெள்ளை, 904 என்றால் அடர் நீலம். தம்பி வண்டியின் தகட்டில் 904. வண்டியோ வெள்ளையாக நின்றது. டிக்கி ஓரத்து ரப்பர் பீடிங்கை விலக்கிப் பார்த்தால் அடியில் நீலம் அப்படியே இருந்தது.

அடுத்தது என்ஜின். சுவாரஸ்யமே இங்கேதான்.

240டி-யோடு தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட என்ஜின் ஓஎம் 616, நான்கு சிலிண்டர், 2.4 லிட்டர். ஆரம்பத்தில் 65 குதிரைத்திறன், பிறகு 72. அதன் நம்பர் 616.912 என்று தொடங்க வேண்டும். தம்பி பென்சிலால் தேய்த்து எடுத்து வந்த தாளில் அப்படி இல்லை. வெளிப்பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. அதே அமைப்பு, அதே சத்தம், மேலே பென்ஸ் ஏர் ஃபில்டர் டப்பா வேறு. ஆனால் அது டெம்போ என்ஜின்! பஜாஜ் டெம்போ நிறுவனம், இன்றைய ஃபோர்ஸ் மோட்டார்ஸ், பென்ஸிடம் உரிமம் வாங்கி இதே ஓஎம் 616 குடும்ப என்ஜினை இங்கேயே தயாரித்து டிராக்ஸிலும் டிராவலரிலும் போட்டது. ஏற்காட்டுக்கு டூரிஸ்ட் ஏற்றிக்கொண்டு போன எத்தனையோ டெம்போ டிராவலர்களுக்கு இருந்தது ஒரு பென்ஸ் இதயம்தான். அதனாலேயே அந்தக் காலத்தில் 240டி என்ஜின் போனால் பட்டறைக்காரர்கள் டெம்போ என்ஜினைத் தூக்கி உள்ளே வைத்துவிடுவார்கள். அது ஏமாற்று வேலை இல்லை. ஜெர்மனியிலிருந்து சாமான் வரவழைக்க வழி இல்லாதவன் வேறு என்ன செய்வான்?

இதில் உங்களுக்கு லாபமும் உண்டு, சிக்கலும் உண்டு. பல உதிரிபாகங்கள் உள்ளூர் டெம்போ ஸ்பேர்ஸ் கடையிலேயே கிடைக்கும் என்பது லாபம். எல்லாமே அப்படியே பொருந்திவிடாது, பழைய சாமானைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். சிக்கல் ஆர்.சி.யில் இருக்கிறது. என்ஜின் மாற்றினால் அதைப் பதிவுச் சான்றில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் பெயர் மாற்றத்தில் தடங்கல், எஃப்.சி.யில் தடங்கல், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸிலும் தடங்கல்.

தம்பிக்கு அதிர்ஷ்டம் இருந்தது. எஸ்டேட் ஆபீஸ் பீரோவில் பழைய ஆர்.சி. புத்தகம் கிடைத்தது. அதன் உள்பக்கத்தில் என்ஜின் மாற்றிய விவரம், புது நம்பர், ஆர்டிஓ ஆபீஸ் முத்திரை எல்லாம் ஒழுங்காக இருந்தன. எஸ்டேட்டில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற ஐயாவைத் தேடிப் போனார் தம்பி. மலை ஏறும்போது தண்ணீர் இல்லாமல் என்ஜின் ஜாம் ஆனது, கீழே இழுத்து வந்து டெம்போ என்ஜின் போட்டது, அதே சமயம் முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்காக வெள்ளை அடித்தது என்று அவர் வரிசையாகச் சொன்னார். கல்யாண ஆல்பத்தில் வண்டி இருந்தது, வெள்ளையாகத்தான். ஆராய்ச்சி என்றால் ஏதோ வெளிநாட்டு ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப் போடுவது என்று நினைக்கிறார்கள். அதையும் செய்யலாம். ஆனால் வண்டி ஓடிய ஊரில் அதை ஓட்டியவர், கழுவியவர், டயர் மாற்றியவர் உயிரோடு இருக்கும்போதே போய்க் கேளுங்கள். காகிதம் பத்திரமாக இருக்கும், மனிதர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பின் சீட் மெத்தையைத் தூக்கியும் பாருங்கள், பழைய பில்லும் துண்டுச்சீட்டும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

காகித விஷயத்தில் இன்னும் கொஞ்சம். விற்பவரும் ஆர்.சி.யில் இருப்பவரும் ஒரே ஆளா என்று பாருங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. உரிமையாளர் இறந்திருந்தால் முதலில் வாரிசு பேருக்கு மாற்ற வேண்டும், அதற்குப் படிவம் 31. பேரன் விற்கிறேன் என்று சொன்னால் மட்டும் போதாது. பழைய புத்தகத்தில் இருக்கும் வண்டி, அரசின் வண்டிப் பதிவு இணையதளமான 'வாகன்' தளத்தில் ஏறாமலும் இருக்கலாம். பேக்லாக் என்ட்ரி போட்டு ஏற்ற வேண்டியிருக்கும், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் விசாரித்துவிடுங்கள். 15 வருடம் தாண்டிய வண்டியை ஓட்டவே கூடாது என்று டெல்லிக் கதையை இங்கே வந்து சொல்லுவார்கள். சொந்த உபயோகக் காருக்கு நம் ஊரில் 15 வருடத்துக்குப் பிறகு பதிவை ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். ஆனால் கட்டணத்தைக் கேட்டு மயங்கி விழாதீர்கள். மத்திய அரசின் 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். அதுவே இறக்குமதியான கார் என்றால் 80,000. 240டி இறக்குமதி வண்டி. தம்பியின் எஸ்டிமேட்டில் ஆடியோவுக்கு ஒரு வரி இருந்தது, இதற்கு இல்லை.

விண்டேஜ் பதிவு செய்துவிட்டால் ஆயிற்று என்று ஒரு யோசனையும் சுற்றுகிறது. 2021-ல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிக்குத்தான் அது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, சர்வீஸ் செய்ய என்றுதான் ரோட்டில் எடுக்கலாம். தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாது. டபிள்யூ 123-ல் முதல் வருட வண்டிகளே 2026-ல்தான் 50-ஐத் தொடுகின்றன. வேறு என்ஜின் உட்கார்ந்த வண்டி அந்த வரையறைக்குள் வருமா என்பதை ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொண்டு அப்புறம் கனவு காணுங்கள்.

சரி, இனி கை வைக்கலாம். ஆனால் உடம்பு முக்கியம்.

மலையில் நின்ற வண்டிக்குத் துரு என்பது வெளியே தெரிவது கால்வாசிதான். மழையும் மூடுபனியும் மாறி மாறி வருவதால் அடித்தகடு காயவே காயாது. டபிள்யூ 123-ல் ஜாக்கி போடும் இடம் கதவுக்குக் கீழே சில் தகட்டில் உள்ள ஓட்டை. அந்த இடம்தான் சீக்கிரம் துருப்பிடிக்கும். மேலே பட்டி பூசிப் பளபளவென்று இருக்கும், ஜாக்கியைப் போட்டுத் தூக்கினால் தகட்டைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போகும். ஸ்டாண்டு கொடுக்காமல் எந்த வண்டிக்கு அடியிலும் தலையை நீட்டாதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது. என் பட்டறையில் யாராவது அப்படிப் படுத்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

அந்தக் காலத்து பிரேக் பேடிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. கம்ப்ரசர் காற்றால் தூசியை ஊதித் தள்ளும் பழக்கம் நம் ஊரில் எல்லாப் பட்டறையிலும் உண்டு. அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல வருடம் கழித்துத்தான் நோயாக வெளிப்படும். ஊதாதீர்கள். தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். இப்போது ஹார்டனர் கலந்து அடிக்கிறார்களே டூ-கே பெயிண்ட், அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வீட்டு மாடியில் ஸ்பிரே பண்ணும் வேலை வேண்டாம், பெயிண்ட் பூத் இருக்கிற இடத்தில் கொடுத்துவிடுங்கள். பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனியுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸும் கார்புரேட்டர் கேஸ்கட்டும் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. பானட்டுக்குள் பெட்ரோல் வாசனை வந்தால் சாவியைத் தொடாதீர்கள்.

240டி-யில் புதியவர்களைக் குழப்புவது வேக்குவம், அதாவது ஒரு பம்ப் காற்றை உறிஞ்சுவதால் குழாய்களில் உண்டாகும் இழுப்பு. சாவியை அணைத்தாலும் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். பேய் பிடித்துவிட்டது என்று ஒருவர் வீடியோவே எடுத்து அனுப்பினார். இந்த வண்டியில் என்ஜினை நிறுத்துவது மின்சாரம் இல்லை, வேக்குவம். எங்கோ ஒரு குழாயில் கசிவு இருந்தால் என்ஜின் நிற்காது. அவசரத்துக்கு பானட்டைத் திறந்து 'ஸ்டாப்' என்று எழுதிய லீவரை அழுத்தினால் நின்றுவிடும். கதவு லாக் எல்லாம் ஒன்றாக விழுவதும் வேக்குவத்தால்தான், பிரேக் பூஸ்டருக்குப் போவதும் அதே பம்பிலிருந்துதான். ஆகவே லாக் மெதுவாக விழுந்தாலோ, என்ஜின் அணைய நேரம் எடுத்தாலோ சின்னக் குறை என்று விட்டுவிடாதீர்கள். பிரேக்குக்கும் பங்கு கேட்கிற குறையாக அது இருக்கலாம்.

சீட்டை மாற்றாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எம்பி-டெக்ஸ் என்கிற அந்த வினைல் உறை வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்தால் மீண்டுவிடும். சீட் கவர் கடைக்காரர் ரெக்சின் சாம்பிள் புத்தகத்தை விரிப்பார். டீ மட்டும் குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். டெம்போ என்ஜினையும் எடுக்க வேண்டாம் என்றுதான் தம்பியிடம் சொன்னேன். இந்த ஊரில் அந்த வண்டி வாழ்ந்த வாழ்க்கைதானே அது? அவருக்கு முழு மனசில்லை, ஆனால் கேட்டுக்கொண்டார். நிறத்தை மட்டும் 904-க்குத் திருப்பப் போகிறார். எனக்கு வெள்ளையே பிடிக்கும், ஆனால் வண்டி அவருடையது.

கடைசியாக மலைப்பாதை. ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்குள். இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக் சூடேறிக்கொண்டே வரும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான். டாட் 4 என்ற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், ஈரம் ஏறினால் தரம் அனுமதிக்கும் கீழ் எல்லையே 155 டிகிரிதான். பல வருடம் ஷெட்டில் நின்ற வண்டியின் ஆயில் அதற்கும் கீழே போயிருக்கலாம். கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஆயிலை முழுவதும் மாற்றுங்கள், ரப்பர் ஹோஸ் நான்கையும் மாற்றுங்கள். டயரில் பட்டன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் போதாது, பக்கவாட்டில் உள்ள நான்கு எண்களைப் படியுங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

முதல் ஓட்டம் சமதளத்தில்தான். தம்பியின் வண்டி இப்போது ஓமலூர் வரை போய்த் திரும்புகிறது. வாரம் தவறாமல் "எப்போ அண்ணா மேலே எடுத்துட்டுப் போறது?" என்று கேட்கிறார். பின்பக்க ஹோஸ் இரண்டும் ஆர்டரில் இருக்கின்றன, இன்னும் வரவில்லை. அது வரைக்கும் சாவி பட்டறையில்தான்.