கைவிடும் முடிவை மூளைக்குள் எடுப்பது யார்?

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "முயற்சி செய்கிறேன், தோற்கிறேன், மறுபடி முயற்சி செய்கிறேன், மறுபடியும் தோற்கிறேன். இப்போதெல்லாம் ஒன்றைத் தொடங்கவே மனசு வர மாட்டேன் என்கிறது. நான் சோம்பேறியாகிவிட்டேனா, இல்லை மூளையிலேயே ஏதாவது கோளாறா?"

இரண்டும் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மனிதர்கள் ஏன் தோற்கிறார்கள் என்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. திறமை இன்னும் கைகூடாமல் இருக்கும், திட்டம் தப்பாக இருக்கும், ஒரு மாதத்தில் முடியும் என்று நினைத்த வேலை மூன்று மாதம் இழுக்கும், பணம் போதாது, சில நேரம் அதிர்ஷ்டமும் கை கொடுக்காது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூளையில் சுரக்கும் டோபமின் என்ற வேதிப்பொருளின் கதையும் பலருக்குத் தெரிந்திருக்கும்: எதிர்பார்த்த பரிசு வராமல் போனால், அது வந்திருக்க வேண்டிய அந்த நொடியில் டோபமின் நரம்பணுக்களின் துடிப்பு சட்டென்று குறையும் என்பதை 1990களில் நரம்பியல் விஞ்ஞானி வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் அளந்து காட்டினார். அந்தக் குறைவுதான் மூளைக்கு "உன் கணிப்பு தப்பு, திருத்திக்கொள்" என்று சொல்லும் பாடம். சரி, தோல்வி பாடம் சொல்கிறது என்றால் கற்றுக்கொண்டு அடுத்த முறை இன்னும் நன்றாகச் செய்ய வேண்டியதுதானே? ஏன் ஒரு கட்டத்தில் கையைக் காலைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடுகிறோம்? எனக்கு உண்மையான புதிர் இதுதான். இதற்கு நான் படித்ததிலேயே மிக அழகான விடை ஒரு மீன் குஞ்சிடமிருந்து வந்தது.

வரிக்குதிரை மீனின் குஞ்சு பிறந்து ஒரு வாரத்தில் சுமார் 4 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். உடம்பு கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். மூளையில் ஏறக்குறைய ஒரு லட்சம் நரம்பணுக்கள். உயிரோடு இருக்கும்போதே, மண்டையைத் திறக்காமலே, முழு மூளையும் வேலை செய்வதை நுண்ணோக்கியில் பார்க்க முடிகிற முதுகெலும்பு விலங்குகள் மிகக் குறைவு. அதில் இது ஒன்று.

இந்தக் குஞ்சுக்கு ஓர் இயல்பு உண்டு. கீழே தெரியும் தரை முன்னோக்கி நகர்ந்தால், நீரோட்டம் தன்னைப் பின்னால் இழுத்துப்போகிறது என்று எடுத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே நிற்பதற்காக முன்னால் நீந்தும். அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வு வளாகத்தில் மிஷா அஹ்ரென்ஸ் குழுவினர் இந்த இயல்பை வைத்து ஒரு மெய்நிகர் உலகமே கட்டினார்கள். மீனை ஒரு கூழில் அசையாமல் பதித்து வைத்து, தசைகளைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்து, வாலுக்குப் போகும் நரம்புச் சைகையை மட்டும் மின்முனைகளால் படிப்பார்கள். கீழே திரையில் கோடுகள் ஓடும். மீன் "நீந்து" என்று வாலுக்குக் கட்டளை அனுப்பிய உடனே கணினி அந்தக் கோடுகளைப் பின்னோக்கித் தள்ளும். மீனைப் பொறுத்தவரை அது உண்மையாகவே நீந்திக்கொண்டிருக்கிறது.

இப்போது அந்த இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். மீன் எவ்வளவுதான் நீந்தினாலும் கோடுகள் அதைக் கண்டுகொள்ளாமல் தம்பாட்டுக்கு ஓடும். என்ன நடக்கும்? முதலில் மீன் இன்னும் வேகமாக, இன்னும் பலமாக நீந்தும். சில பத்து நொடிகள் இப்படிப் போராடும். அப்புறம் சட்டென்று நிறுத்திவிடும். களைப்பாக இருக்குமோ என்று தோன்றும், ஆனால் தசைகள்தான் வேலையே செய்யவில்லையே! கொஞ்ச நேரம் சும்மா கிடந்துவிட்டு, மறுபடி முயற்சி செய்யும். பலிக்கவில்லை என்றால் மறுபடி நிறுத்தும்.

யூ மூ முதன்மை ஆசிரியராக இருந்த இந்த ஆய்வு 2019இல் 'செல்' இதழில் வந்தது. முழு மூளையையும் படம் பிடித்தபோது அவர்கள் கண்ட காட்சியை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை. மூளைத்தண்டில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் ஒரு சின்ன நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. மீன் நீந்தும்போதெல்லாம் அது துடிப்பதில்லை. கோடுகள் நகரும்போதெல்லாம் துடிப்பதும் இல்லை. நீந்தியும் கோடுகள் நகர வேண்டியபடி நகரவில்லை என்றால்தான் துடிக்கிறது. அதாவது முயற்சியையும் விளைவையும் ஒட்டிப் பார்த்து, ஒட்டாத ஒவ்வொரு முறையும் "பலிக்கவில்லை" என்று ஒரு சைகை அனுப்புகிறது.

இதுவரை எதிர்பார்க்கக்கூடியதுதான். அந்தச் சைகை போய்ச் சேரும் இடம்தான் யாரும் எதிர்பாராதது. அது ரேடியல் ஆஸ்ட்ரோசைட் என்ற செல்களுக்குப் போகிறது. இவை நரம்பணுக்களே அல்ல, கிளியா வகையைச் சேர்ந்தவை. நரம்பணுக்களுக்குச் சத்து கொடுத்து, கழிவு அகற்றி, தாங்கிப் பிடிக்கும் துணைச் செல்கள் என்றுதான் கிளியாவைப் பற்றிப் பல காலம் பாடப்புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார்கள். சிந்தனை, கணக்கு எல்லாம் நரம்பணுக்களின் வேலை என்பதுதான் நினைப்பு. ஆனால் இந்த மீனில் கணக்கு வைப்பது கிளியா! ஒவ்வொரு தோல்விச் சைகைக்கும் அந்த ஆஸ்ட்ரோசைட்டுகளுக்குள் கால்சியம் கொஞ்சம் ஏறுகிறது. நரம்பணுவின் துடிப்பு மில்லிநொடிகளில் வந்து மறைந்துவிடும். கிளியாவின் கால்சியமோ மெதுவாக ஏறி மெதுவாகத்தான் வடியும். பல நொடிகளில் நடந்த தோல்விகளைக் கூட்டி வைக்க இந்த மந்தகதிதான் தோதானது. சொட்டுச் சொட்டாக நிரம்பும் பாத்திரம் போல, ஒரு மட்டத்தைத் தொட்டதும் ஆஸ்ட்ரோசைட்டுகள் நீச்சலை அடக்கும் நரம்பணுக்களைத் தட்டி எழுப்ப, மீன் நின்றுவிடுகிறது.

சும்மா ஒன்றோடொன்று சேர்ந்து நடப்பதை வைத்து இதைச் சொல்லவில்லை. அந்த ஆஸ்ட்ரோசைட்டுகளைச் செயலிழக்க வைத்தபோது, மீன் பலிக்காவிட்டாலும் விடாமல் நீந்திக்கொண்டே இருந்தது. அவற்றைச் செயற்கையாகத் தூண்டியபோது, எல்லாம் ஒழுங்காகப் பலித்துக்கொண்டிருந்த மீன்கூட நீந்துவதை நிறுத்தியது.

ஆக, கைவிடுவது சக்தி தீர்ந்துபோய்ச் சரிவது அல்ல. மூளை கணக்குப் போட்டு எடுக்கும் முடிவு அது, அதற்கென்று தனிச் செல்களே வைத்திருக்கிறது. பலிக்காத நீச்சலில் சக்தியைக் கரைக்காமல் கொஞ்சம் நின்று, பிறகு மறுபடி முயல்வது ஒரு மீனுக்கு நல்ல உத்திதான். மனித மூளையிலும் ஆஸ்ட்ரோசைட்டுகள் உண்டு, நார்அட்ரினலினும் உண்டு. அதற்காக உங்கள் மனத்தளர்ச்சி முழுக்க இந்தச் செல்களின் வேலை என்று நான் சொல்ல வரவில்லை. மீனுக்கும் மனிதனுக்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது. ஆனால் கேள்வியைக் கேட்கும் விதம் மாறிவிடுகிறது அல்லவா? "எனக்கு மன உறுதி இருக்கிறதா" என்பதை விட்டுவிட்டு, "என் மூளை எதை எண்ணிக்கொண்டிருக்கிறது" என்று கேட்கலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மீன் குஞ்சுக்கு மெய்நிகர் உலகம் காட்ட நிதி வேண்டும் என்று விண்ணப்பித்தால், "இதனால் மக்களுக்கு என்ன பயன்?" என்று கேட்கும் அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். மன உறுதி பற்றி ஆயிரம் மேடைப் பேச்சுகள் சொல்லாத ஒன்றை இந்த 4 மில்லிமீட்டர் உயிர் சொல்லிவிட்டது. உடனடிப் பயன் கேட்காமல் அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவது ஆடம்பரம் அல்ல. அதை வெட்டுவதுதான் வீண் செலவு.

மீனிலிருந்து கொஞ்சம் மேலே வருவோம். 1967இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் இருவரும் நாய்களை வைத்துச் செய்த சோதனை உளவியல் படித்த எல்லோருக்கும் தெரியும் (இன்று படித்தால் நெஞ்சு பதறும்). ஒரு குழு நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தி மின்னதிர்ச்சியை நிறுத்தலாம். இன்னொரு குழுவுக்கும் அதே அளவு அதிர்ச்சி, ஆனால் என்ன செய்தாலும் நிற்காது. பிறகு எல்லா நாய்களையும், ஒரு தடுப்பைத் தாண்டினாலே தப்பித்துவிடக்கூடிய பெட்டியில் விட்டார்கள். முதல் குழு தாண்டிப் போய்விட்டது. இரண்டாவது குழுவில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு நாய்கள் தாண்டவே முயலாமல் படுத்துக்கொண்டன. இவை "கையாலாகாத்தனத்தைக் கற்றுக்கொண்டன" என்று அன்று விளக்கினார்கள்.

அதே இருவர் ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 2016இல், தங்கள் விளக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிப்போட்டார்கள். எலிகளின் மூளைச் சுற்றுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்ததில் தெரிந்தது இது: நீண்ட துன்பத்துக்கு மூளை காட்டும் இயல்பான பதிலே செயலற்றுப்போவதுதான், அதை யாரும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது "என் செயலால் இது மாறுகிறது" என்பதைத்தான். மூளையின் முன்பகுதியில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் ஒரு பகுதி அந்தக் கட்டுப்பாட்டை உணர்ந்ததும், மூளைத்தண்டில் செயலின்மையைக் கிளப்பும், செரட்டோனின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களை அடக்கிவிடுகிறது. ஒருமுறை இப்படிக் கட்டுப்பாட்டை அனுபவித்த எலி, பின்னாளில் கட்டுப்படுத்தவே முடியாத துன்பம் வந்தாலும் அவ்வளவு சீக்கிரம் முடங்குவதில்லை.

"நேரம் சரியில்லை, கிரகம் சரியில்லை" என்று தோற்றவரைத் தேற்றுவதை நான் முழு மனதோடு எதிர்ப்பதற்கு இதுதான் காரணம். அன்பாகச் சொல்கிறார்கள், கேட்கவும் ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாக்கியம் சொல்வது என்ன? உன் செயலுக்கும் விளைவுக்கும் சம்பந்தம் இல்லை என்பதுதானே? நெற்றிக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பகுதிக்கு இதைவிடக் கெட்ட செய்தி கிடையாது. அதற்காக நேர் எதிர்ப்பக்கம் போய், "எல்லாம் உன் கையில்தான்" என்று சொல்வதும் பொய். சில தோல்விகளில் உண்மையாகவே நம் கையில் எதுவும் இருக்காது.

சரி, என்ன செய்யலாம்? மீனின் கணக்கு ஏறுவது செய்ததும் வந்ததும் ஒட்டாதபோது. ஆகவே முதல் வேலை, செய்ததற்கு ஏதோ ஒன்று நகர்வது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வேலையைச் சிறிதாக வெட்டுவது. வருடத்துக்கு ஒருமுறை முடிவு வரும் தேர்வுக்குப் படிப்பவருக்கு அந்த ஒரு முடிவு மட்டுமே விளைவு என்றால், வருடம் முழுக்கக் கோடுகள் நகரவே இல்லை. அவரே படித்த அன்று மாலையில் புத்தகத்தை மூடிவைத்துப் பத்துக் கேள்விக்கு விடை எழுதிப் பார்த்தால், சரியோ தப்போ, தன் உழைப்புக்கு என்ன நகர்ந்தது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட இப்படி நினைவுகூர்ந்து எழுதுவது நீண்ட நாள் நிற்கிறது என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் காட்டியிருப்பது கூடுதல் லாபம்.

அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமானது. 2019இல் உளவியல் ஆய்வாளர்கள் லாரன் எஸ்க்ரைஸ் விங்க்லரும் அயலெட் ஃபிஷ்பாக்கும் ஒரு சோதனை செய்தார்கள். கேள்விக்கு இரண்டே விடை, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிலருக்கு "சரி" என்றும் சிலருக்கு "தப்பு" என்றும் சொன்னார்கள். இரண்டே விடை என்பதால் "தப்பு" என்று கேட்டவருக்கும் சரியான விடை எது என்று தெரிந்துவிடுகிறது, தகவல் துளியும் குறையவில்லை. ஆனாலும் பிறகு சோதித்தபோது "தப்பு" என்று கேட்டவர்கள் குறைவாகவே கற்றிருந்தார்கள். தோல்வி சுடுகிறது, சுட்டதும் கவனம் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. ஆனால் அடுத்தவர் தப்புவிட்டதைப் பார்த்தபோது நன்றாகவே கற்றார்கள், ஏனென்றால் அங்கே சுடுவதற்கு ஒன்றுமில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: உங்கள் தோல்வியை உடனே நோண்டாதீர்கள், முதலில் அதே துறையில் இன்னொருவர் எங்கே சறுக்கினார் என்று விவரமாகப் படியுங்கள். அப்புறம் உங்கள் வேலையையும் யாரோ ஒருவர் செய்தது போல எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள்.

கடைசியாக, எத்தனை தடவை முயல்வது? டாஷுன் வாங் குழுவினர் 2019இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகவே தொட்டது. 1985 முதல் 2015 வரை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கு விஞ்ஞானிகள் அனுப்பிய ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட நிதி விண்ணப்பங்கள், அவற்றோடு புதிதாகத் தொடங்கிய நிறுவனங்களின் கதைகள் எல்லாவற்றையும் அலசினார்கள். கடைசியில் ஜெயித்தவர்களும் ஜெயிக்காமலே போனவர்களும் முயன்ற எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை! வித்தியாசம், ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே இருந்த இடைவெளியில் தெரிந்தது. ஜெயித்தவர்களிடம் அந்த இடைவெளி போகப்போகக் குறைந்துகொண்டே வந்தது. காரணம், அவர்கள் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கவில்லை. முந்தைய விண்ணப்பத்தில் நன்றாக இருந்த பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, சொதப்பிய பகுதியை மட்டும் மாற்றினார்கள். திருத்தும் வேலை குறையக் குறைய அடுத்த முயற்சியும் சீக்கிரம் வந்தது.

எனவே கேள்வி கேட்ட வாசகருக்கு என் யோசனை: போன முறை செய்ததில் எது தேறியது, எது தேறவில்லை என்று பகுதி பகுதியாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். தேறியதைத் தொடாதீர்கள். தேறாததில் உங்கள் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று குறியுங்கள். எல்லாமே கையில் இல்லாத பக்கம் போய் விழுந்தால் அந்த வழியை விட்டுவிடுவது தப்பே இல்லை, மூளை அந்தக் கணக்கைப் போடுவதே அதற்காகத்தான். ஒன்றிரண்டாவது இந்தப் பக்கம் விழுந்தால், அதில் மிகச் சிறியதை இந்த வாரமே மாற்றிப் பாருங்கள்.