ஜெர்மனில விண்டர் டயர் ரூல்: முன்னாடி ரெண்டு மட்டும் போட்டா போதுமா?

போதாதுங்க, நாலும் இருக்கணும். நவம்பர் பொறந்தாலே இங்க இருக்குற நம்மாளுங்க பாதி பேர் கேக்குறது இதுதான், செகண்ட் ஹேண்ட்ல கார் எடுத்தேன், முன்னாடி ரெண்டும் விண்டர் டயர், பின்னாடி சம்மர் டயர், வண்டிய இழுக்குறது முன் சக்கரம்தான, அப்பறம் பின்னாடி எதுக்கு தண்டமா காசு போடணும்னு. ரோட்டுல ஐஸ், பனி, சேறு மாதிரி கொழகொழன்னு கெடக்குற பனி, உறைபனி இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா, எல்லா சக்கரத்துலயும் விண்டர் டயர் இருந்தாத்தான் வண்டிய எடுக்கலாம். ரோடு போக்குவரத்து விதில 2-வது பிரிவு, 3ஏ-ல "எல்லா சக்கரமும்"னே போட்டிருக்கு. (3.5 டன்னுக்கு மேல உள்ள லாரி, பஸ்ஸுக்கு வேற கணக்கு, பைக்குக்கு இது கெடையாது.)

ரெண்டாவது குழப்பம் தேதி. அக்டோபர்லேருந்து ஈஸ்டர் வரைக்கும்னு இங்க "ஓ பிஸ் ஓ"ன்னு ஒரு வழக்கு சொல்லுவாங்க, அது ஞாபகம் வெச்சுக்கறதுக்கு மட்டும்தான், சட்டத்துல தேதியே கெடையாது. ஜனவரில ரோடு காஞ்சு கெடந்தா சம்மர் டயர்ல ஓட்டுனாலும் தப்பில்ல, ஏப்ரல் கடைசில திடீர்னு பனி கொட்டுனா அதே டயர்ல வண்டிய எடுத்தா தப்பு. நிறுத்தி வெச்சிருக்குற வண்டிக்கு ஒண்ணும் இல்ல, ஓட்டுனாத்தான் கேஸு.

ஃபைன் 60 யூரோ, கூடவே ஃபிளென்ஸ்பர்க் கணக்குல, அதாவது டிரைவருங்களோட தப்ப பதிவு பண்ணி வெக்கிற ரிஜிஸ்டர்ல, ஒரு பாயின்ட். நம்ம வண்டி வழுக்கி டிராஃபிக்க மறிச்சா 80, மத்தவங்களுக்கு ஆபத்துன்னா 100, ஆக்சிடென்ட்டே ஆயிட்டா 120. இதுல நம்மாளுங்க கவனிக்காத ஒண்ணு இருக்கு, ஓட்டுனவருக்கு மட்டும் இல்ல, அந்த டயரோட ஓட்ட விட்ட ஓனருக்கும் 75 யூரோவும் ஒரு பாயின்ட்டும் உண்டு. அதனால "மச்சி, ஏர்போர்ட் வரைக்கும் சாவிய குடுடா"ன்னு கேட்டா, குடுக்குறதுக்கு முன்னாடி வெளிய ரோடு எப்படி இருக்குன்னு ஒரு தடவ எட்டிப் பாத்துக்கங்க.

சரி, எது விண்டர் டயர்? டயர் பக்கவாட்டுல மூணு முகடு உள்ள ஒரு மலை, அதுக்குள்ள பனித்துகள், இந்த முத்திரை இருக்கணும், அவ்வளவுதான். முன்னெல்லாம் எம் பிளஸ் எஸ்னு (மட் அண்ட் ஸ்னோ, சேறும் பனியும்) எழுத்து மட்டும் இருந்தாலே போதும்னு இருந்துச்சு, 2017 கடைசி வரைக்கும் தயாரான அந்த டயருங்களுக்கு 2024 செப்டம்பர் 30 வரைக்கும் டைம் குடுத்தாங்க, அது முடிஞ்சு போச்சு. ஆல் சீசன் டயர்லயும் மலை முத்திரை இருந்தா சட்டப்படி அதுவும் விண்டர் டயர்தான். நான் மொத கார் வாங்குனப்ப வித்தவர் "விண்டர் டயர் போட்டிருக்கு"ன்னு சிரிச்சுகிட்டே சொன்னாரு, வீட்டுக்கு வந்து ராத்திரி பார்க்கிங்ல குத்த வெச்சு உக்காந்து மொபைல் டார்ச் அடிச்சு சேத்த தொடச்சுப் பாத்தா, முன்னாடி ரெண்டுல மலை இருக்கு, பின்னாடி ரெண்டுல வெறும் எம் பிளஸ் எஸ், டாட் நம்பர் கடைசில 3514, அதாவது 2014-ல 35-வது வாரம் செஞ்சது. அவர் சொன்னதுல பாதி உண்மைன்னு வெச்சுக்கலாம்.

இப்ப சைஸ் கலக்குறது. ஒரே ஆக்ஸில்ல இடது வலது ரெண்டும் ஒரே சைஸா இருக்கணும். கம்பெனி வேற வேறயா இருந்தா சட்டம் தடுக்காது, ஆனா நான் அப்படி ஓட்ட மாட்டேன். ரேடியல் டயரையும், உள்ள இழை வேற மாதிரி போட்ட பழைய டயகனல் டயரையும் ஒரே கார்ல கலக்கவே கூடாது. முன்னாடி பின்னாடி வேற சைஸ் போடலாமான்னா, வண்டி அதுக்கு அப்ரூவல் வாங்கியிருந்தா மட்டும்தான், சில கார்கள் கம்பெனிலேருந்து வரும்போதே பின்னாடி அகலமான டயரோட வரும். நம்ம ஆர்சி புக் மாதிரி இங்க இருக்குற ஃபார்ட்சாய்க்ஷைன்ல 15.1-னு முன் டயர், 15.2-னு பின் டயர் சைஸ் இருக்கும். அங்க போட்டிருக்கறது ஒரே ஒரு சைஸ், வேற எதெல்லாம் ஓகேன்னு வண்டியோட சிஓசி பேப்பர்ல, அதாவது கார் கம்பெனி குடுக்குற சான்றிதழ்ல இருக்கும், ஆன்லைன்ல சீப்பா கெடக்குதுன்னு ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி அத எடுத்துப் பாருங்க. 205/55 ஆர்16 91 ஹெச்னா 205 மில்லிமீட்டர் அகலம், 16 இன்ச் ரிம், 91-ன்னா ஒரு டயர் 615 கிலோ தாங்கும், ஹெச்னா மணிக்கு 210 கிலோமீட்டர். லோடு நம்பர் குறையவே கூடாது. ஸ்பீடு எழுத்து மட்டும் விண்டர் டயர்ல குறைவா இருக்கலாம், ஆனா அந்த வேகத்த எழுதுன ஸ்டிக்கர் டிரைவர் கண்ணுல படுற மாதிரி ஒட்டணும்.

முன்னாடி ரெண்டு மட்டும் போட்டா என்ன ஆகும்னா, கெளம்புறப்ப ஜம்முனு போகும், ஏமாந்துருவோம். எறக்கத்துல பிரேக் அடிச்சா வெயிட்டெல்லாம் முன்னாடி சாஞ்சு பின் சக்கரம் லேசாயிடும், அதுல குளிர்ல இறுகிப்போன சம்மர் டயர் இருந்தா வண்டியோட பின்பக்கம் சுத்திகிட்டு முன்னாடி வந்துரும். பின்னாடி மட்டும் போட்டா ஸ்டியரிங்க திருப்புனாலும் வண்டி நேரா போகும். ஃபோர் வீல் டிரைவ்ல சக்கரத்தோட சுத்தளவு வித்தியாசப்பட்டா சக்கரங்களுக்கு சக்திய பிரிச்சுக் குடுக்குற டிஃபரன்ஷியலுக்கும் வேல வெச்சுரும்.

ஆக்சிடென்ட் ஆச்சுன்னா எதிராளிக்கு நம்ம இன்ஷூரன்ஸ் குடுத்துரும். நம்ம வண்டிக்கு எடுத்த காஸ்கோல அலட்சியம்னு சொல்லி காச கொறைக்க வாய்ப்பு இருக்கு.

ஸ்கீயிங்னு ஆஸ்திரியா பக்கம் போறவங்களுக்கு ரூல் வேற, அங்க நவம்பர் 1 டு ஏப்ரல் 15-னு தேதி இருக்கு, அதுக்குள்ள ரோட்டுல பனியோ ஐஸோ இருந்தா விண்டர் டயர் கட்டாயம். ஜெர்மனில டயர் மேல வெட்டியிருக்குற கோடு 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தாலே சட்டப்படி ஓடுற டயர், அங்க 4 மில்லிமீட்டருக்குக் கீழ போனா விண்டர் டயர் கணக்குலயே சேராது, பார்டர் தாண்டறதுக்கு முன்னாடியே அளந்து பாத்துருங்க.