ஃபெர்மாவை ஏமாற்றிய எண்

2-இல் தொடங்கி, வருகிற எண்ணையெல்லாம் வர்க்கப்படுத்திக்கொண்டே போங்கள்: 2, 4, 16, 256, 65,536. ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65,537. ஐந்தும் பகா எண்கள். வரிசையில் அடுத்தது 2³² + 1, அதாவது 4,29,49,67,297. இதுவும் பகா எண்தான், இனி வரப்போவதும் எல்லாம் அப்படித்தான் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். நிரூபணம் கையில் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை.

1732-இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் அந்த நம்பிக்கையை உடைத்தார். இந்த எண் 641-ஆல் மீதியின்றி வகுபடுகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணை மூடிக்கொண்டு தேடினால், 65,536 வரை உள்ள 6,542 பகா எண்களையும் வகுத்துப் பார்க்க நேரலாம். ஆனால் குறுக்குவழி உண்டு. p என்ற பகா எண் இதை வகுக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் 2³²-ஐ p-ஆல் வகுத்தால் மீதி −1, அதாவது p-இன் மடங்குக்கு 1 குறைவு. வர்க்கப்படுத்தினால், 2⁶⁴-க்கு மீதி 1. ஆக, 2-இன் அடுக்குகள் தரும் மீதிகள் சரியாக 64 படிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். அந்தச் சுற்றின் நீளம் p − 1-ஐ வகுத்தாக வேண்டும் என்கிறது ஒரு தேற்றம். ஆகவே p என்பது 64-இன் மடங்கோடு 1 சேர்ந்ததாக மட்டுமே இருக்க முடியும். 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவது வகுத்தலில் ஆள் அகப்பட்டுவிட்டார்!

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தேற்றம் ஃபெர்மாவுடையது. அதையும் அவர் அதே 1640-இல்தான் எழுதினார்.

வகுக்காமலே சரிபார்க்கவும் வழி இருக்கிறது. 641 = 5 × 2⁷ + 1. எனவே 5 × 2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. சரி, 5⁴ என்பது 625, அதாவது 641-இல் 16 குறைவு. அந்த இடத்தில் −2⁴ போட்டால் −2³²-க்கு மீதி 1 ஆகிறது. 2³² + 1-க்கு மீதி பூஜ்யம். ஒரு தாளின் ஓரத்தில் அடங்கிவிடும் கணக்கு.

மிச்சமுள்ள காரணி 67,00,417. அது பகா எண்ணா? 64-க்குப் பதில் 128 போட்டாலும் விதி பொருந்தும் என்று பின்னாளில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூகாஸ் காட்டினார். 67,00,417-இன் வர்க்கமூலம் 2,588-ஐ ஒட்டி வருகிறது. அதற்குள் 128-இன் மடங்கோடு 1 சேர்ந்த பகா எண்கள் 257, 641, 769, 1,153, 1,409 மட்டுமே. ஐந்தும் வகுக்கவில்லை, பகா எண்தான்.

65,537-க்குப் பிறகு இந்த வரிசையில் இன்னொரு பகா எண் இதுவரை கிடைக்கவில்லை. 2-ஐ 24 முறை வர்க்கப்படுத்தி 1 கூட்டினால் வரும் எண்ணுக்கு 50 லட்சத்துக்கும் அதிகமான இலக்கங்கள். அது பகா எண் இல்லை என்று 1999-இல் கணினியால் உறுதி செய்தார்கள். அதன் காரணி ஒன்றுகூட இன்னும் யாருக்கும் தெரியாது.