ரெக்கவரி ஆப் போடும் முன் ட்ராஷைத் திறந்து பாருங்கள்

இந்த வாரமும் ஒருவர் வந்தார். மகள் முதன்முதலாக நடந்தபோது எடுத்த வீடியோக்கள் கை தவறி அழிந்துவிட்டன. அழிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் நான்கைந்து ரெக்கவரி ஆப்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்து, ஒன்றுக்குப் பணமும் கட்டி, கடைசியில் யாரோ சொன்னார்கள் என்று, போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதுப் போன் போலாக்கும் ஃபேக்டரி ரீசெட்டும் செய்துவிட்டு போனைக் கொண்டுவந்து நீட்டுகிறார். அவர் போனின் கேலரியில் அழித்தவை 30 நாள் ட்ராஷில் கிடக்கும். அதைத் திறந்து பாருங்கள் என்று அவரிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லை. ரீசெட்டோடு அதுவும் போயிற்று. எனக்கு அவர்மேல் கோபமில்லை, அந்த யோசனையைச் சொன்னவர்கள்மேல்தான் கோபம்.

"டெலிட் செய்தாலும் உள்ளே எங்கேயோ இருக்கும் சார், சாஃப்ட்வேர் இருந்தால் எடுத்துவிடலாம்." இதைக் கேட்காத நாளே கிடையாது. பழைய கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்கில் இது உண்மை. மெமரி கார்டில் இன்றைக்கும் பெரும்பாலும் உண்மை. போனின் உள் சேமிப்பில் உண்மையில்லை. ஆண்ட்ராய்டு 10 காலத்திலிருந்து புதிதாக வரும் போன்களில் சேமிப்பு முழுவதும் என்கிரிப்ட் செய்யப்பட்டே, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டே இருக்கிறது, ஐபோன் அதற்கும் முன்பிருந்தே அப்படித்தான். ஒவ்வொரு ஃபைலும் தனித்தனிச் சாவியால் பூட்டப்படுகிறது. ஃபைலை அழிக்கும்போது அந்தச் சாவியை உருவாக்கத் தேவையான தகவலும் சேர்ந்தே போய்விடும். மிச்சம் கிடப்பது யாராலும் படிக்க முடியாத குப்பை. அந்தக் குப்பையையும் போன் சார்ஜில் சும்மா இருக்கும் நேரத்தில் ட்ரிம் என்ற வேலை துடைத்துவிடும். சிப்பையே கழற்றி எடுத்தாலும் இதுதான் நிலைமை. போனின் பூட்டுகளைத் தாண்டி முழு அதிகாரம் பெறும் ரூட் செய்தால் வரும் என்பார்கள். ரூட் செய்ய, போனை இயக்கித் தொடங்கும் பூட்லோடரைத் திறக்க வேண்டும், திறந்தால் போனில் இருப்பது மொத்தமும் அழியும். கேபிளைப் போட்டுக் கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்யலாமே என்பார்கள். கேபிளில் மாட்டினால் கம்ப்யூட்டருக்குத் தெரிவது இப்போது இருக்கும் ஃபைல்களின் பட்டியல் மட்டும்தான், போன் ஒரு டிரைவாகவே வருவதில்லை. பிறகு எதை ஸ்கேன் செய்வது?

அப்படியானால் அந்த ஆப்கள் நூற்றுக்கணக்கில் படம் காட்டுகின்றனவே? காட்டும். ஒரு படத்தைத் தொட்டுப் பெரிதாக்கிப் பாருங்கள், முகமே தெரியாமல் மங்கிப்போகும். அவை கேலரி தன் வசதிக்காகச் செய்து வைத்த தம்ப்நெயில்கள் என்ற குட்டிப் படங்கள், மற்ற ஆப்கள் தற்காலிகமாகச் சேர்த்து வைத்த கேஷ் படங்கள், அப்புறம் நீங்கள் அழிக்கவே அழிக்காத படங்கள். அதற்கு நீங்கள் கொடுத்த விலை, எல்லா ஃபைல்களையும் பார்க்கும் அனுமதி. உங்கள் அடையாள அட்டைப் படமும் அதில் அடக்கம்.

சரி, உருப்படியாகத் தேட வேண்டிய இடங்கள் என்ன? முதலில் ட்ராஷ், அதுவும் எல்லா ட்ராஷும். கேலரிக்குத் தனி, கூகுள் போட்டோஸுக்குத் தனி, ஃபைல் மேனேஜருக்குத் தனி. கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் என்றால் 60 நாள், ஆகாதது 30 நாள். ஐபோனில் சமீபத்தில் நீக்கியவை என்ற ஆல்பத்தில் 30 நாள் இருக்கும். அடுத்து, போனில் எத்தனை கூகுள் கணக்கு இருக்கிறதோ அத்தனையிலும் நுழைந்து பாருங்கள். பழைய கணக்கில் பேக்கப் ஓடிக்கொண்டிருந்ததை மறந்தே போனவர்கள் ஏராளம். வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பியிருந்தால் அவரிடம் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். உங்கள் போனிலேயே வாட்ஸ்அப் மீடியா ஃபோல்டருக்குள் சென்ட் என்ற உள் ஃபோல்டரில் அனுப்பியதன் நகல் இருக்கலாம். தரம் குறைவுதான், ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்.

போகாத படத்தைப் போய்விட்டது என்று நினைத்து வருபவர்களும் உண்டு. ஒரு ஃபோல்டரில் நோமீடியா (.nomedia) என்ற பெயரில் வெற்று ஃபைல் ஒன்று உட்கார்ந்துவிட்டால், அதிலுள்ள எதையும் கேலரி காட்டாது. க்ளீனர் ஆப்களும் படங்களை மறைத்து வைக்கும் ஆப்களும் செய்யும் வேலை இது. ஃபைல் மேனேஜரில் மறைந்த ஃபைல்களைக் காட்டும் அமைப்பைப் போட்டு அந்த ஒன்றை நீக்கினால், படங்கள் தாமாகவே திரும்பி வரும்.

மெமரி கார்டு என்றால் கதை வேறு, நம்பிக்கை உண்டு. ஆனால் அந்தக் கணமே போனிலிருந்து கழற்றுங்கள். ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளே பல நேரம் போதும், மீட்டதை மட்டும் அதே கார்டில் சேமிக்காதீர்கள். பாதி ரெக்கார்டிங்கில் சார்ஜ் தீர்ந்து, திறக்க மறுக்கும் வீடியோவையும் அழித்துவிட வேண்டாம். அதே போனில் அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்று இருந்தால், அதை மாதிரியாக வைத்துப் பல நேரம் சரிசெய்துவிட முடியும்.

இன்னொன்று. கூகுள் போட்டோஸில் ஏறிவிட்டது, போனில் அழித்தால் என்ன என்கிறார்கள். அந்த ஆப்புக்குள்ளேயே வழக்கமான டெலிட்டை அழுத்தினால் கூகுளில் ஏறி இருப்பதும் சேர்ந்தே போகும்! இடம் வேண்டுமென்றால் சேமிப்பிடத்தைக் காலியாக்கும் பொத்தானைப் பயன்படுத்துங்கள், அது போனில் இருப்பதை மட்டும் எடுக்கும். இலவச 15 ஜிபி நிறைந்துவிட்டால் பேக்கப் நின்றுவிடும், எச்சரிக்கை வரும், நாம்தான் தள்ளிவிட்டுப் போகிறோம். வாட்ஸ்அப் படங்களின் ஃபோல்டரை நீங்களாக இயக்கினால்தான் அது பேக்கப்பில் சேரும். இன்றே திறந்து, கடைசியாக ஏறிய படம் எந்தத் தேதி என்று பாருங்கள். விலைமதிப்பில்லாத படங்களுக்கு ஹார்டு டிஸ்கில் இன்னொரு நகல் கட்டாயம்.

டிஸ்ப்ளே உடைந்ததாலோ போன் உயிர் விட்டதாலோ மட்டும் படம் போய்விடுவதில்லை. திரையை மாற்றியோ போர்டைச் சரிசெய்தோ உயிர்ப்பித்து, திரைப் பூட்டின் PIN நம்பரைப் போட்டால் எல்லாம் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம். எனவே சர்வீஸுக்குக் கொடுக்கும்போது யாராவது "ரீசெட் போட்டுவிடலாமா" என்று கேட்டால், படங்கள் கைக்கு வரும்வரை ஒப்புக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து.