பட்டயப் பள்ளி: பட்டயம் கையில், மனை எங்கே?

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் ‘பிள்ளைக்கு சார்ட்டர் ஸ்கூலில் இடம் கிடைத்துவிட்டது’ என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கிரேக்கத்தில் ‘கார்ட்டேஸ்’ என்றால் பாப்பிரஸ் தாள். அது லத்தீனில் ‘கார்ட்டா’ ஆனது. அதன் குறுவடிவம் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘சார்ட்டர்’ ஆயிற்று. வெறும் தாள், போகப் போக அரசர் உரிமை எழுதிக் கொடுத்த தாள் ஆகிவிட்டது. 1215-இல் இங்கிலாந்து அரசர் ஒப்புக்கொடுத்த உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவில் இருப்பதும் இதே சொல்தான்.

பள்ளிக்கு இந்தப் பெயர் பரவியது 1988-இல், அமெரிக்க ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் பேசிய பிறகு. 1991-இல் மின்னசோட்டா மாநிலம் இந்தப் பள்ளிகளுக்கான முதல் சட்டத்தை இயற்றியது. செலவுக்கு அரசுப் பணம், பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் நடத்துவது ஒரு தனி அமைப்பு. ஒப்புக்கொண்டபடி நடத்தாவிட்டால் உரிமை பறிபோகும்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘உரிமப் பள்ளி’ என்றால் எல்லாத் தனியார் பள்ளிக்கும் பொருந்திவிடும். சார்ட்டர்டு அக்கவுண்டன்டைப் பட்டயக் கணக்கர் என்கிறோமே, அந்த வழியில் ‘பட்டயப் பள்ளி’ என்பதே சரி. டிப்ளமோவையும் பட்டயம் என்பதால் கொஞ்சம் குழப்பம் வரும், பழகினால் தீர்ந்துவிடும்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நம் செப்புப் பட்டயங்கள் நிலத்தோடு வந்தவை. நாகப்பட்டினம் புத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடு, பெண் யானையை நடத்தி எல்லை வகுத்ததைக்கூடப் பதிவு செய்கிறது. அமெரிக்கப் பட்டயம் பள்ளி நடத்தும் உரிமையைத் தருகிறது. பெரும்பாலும் மனை தருவதில்லை. நகரத்தில் இடம் தேடுவது பள்ளியின் பாடு. மூடிய தேவாலயப் பள்ளி, பழைய கிடங்கு, காலியான கடை என்று வாடகை கட்டுப்படியாகும் இடமாகப் பார்க்கிறார்கள். அதுவும் தாங்கள் சேர்க்க நினைக்கும் ஏழைப் பிள்ளைகளின் வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டும். பல இடங்களில் பள்ளிப் பேருந்து கிடையாது. அப்போது யார் படிக்கலாம் என்பதை, விண்ணப்பங்கள் அதிகமானால் நடத்தும் சேர்க்கைக் குலுக்கலுக்கு முன்பே தெருவின் பெயர் தீர்மானித்துவிடுகிறது. எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் உறுத்துவது இதுதான்.

கலிஃபோர்னியாவில் 2000-இல் மக்கள் வாக்களித்து, அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகளான பள்ளி மாவட்டங்கள் பட்டயப் பள்ளிகளுக்கும் இடம் தர வேண்டும் என்று ஆக்கினார்கள். நியூயார்க் நகரில் புதிய பட்டயப் பள்ளிக்கு இடமோ வாடகை உதவியோ கொடுக்க 2014-இல் சட்டம் வந்தது. அங்கே ஒரே கட்டடத்தில் ஒரு மாடி அரசுப் பள்ளிக்கு, இன்னொரு மாடி பட்டயப் பள்ளிக்கு. சாப்பாட்டுக் கூடத்தை நேரம் பிரித்துப் பயன்படுத்துகிறார்கள். இதற்குக் ‘கட்டடப் பகிர்வு’ என்று சொன்னால் போதும்.